கடலே இல்லாத மதுரையில் வெள்ள பயம் ஏன்? அவனியாபுரம் மக்கள் கவனிக்க வேண்டியவை

புயல், வெள்ளம்னா சென்னை, கடலூர், நாகைக்குத்தானே, மதுரைக்கு என்ன? இப்படி நினைத்தவர்களுக்கு 2024 அக்டோபர் 25 ஒரு பாடம். அன்று மதியம் 15 நிமிடத்தில் மட்டும் சுமார் 4.5 செ.மீ. மழை கொட்டியது. அன்றைய மொத்த மழை 9.8 செ.மீ. செல்லூர் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி கால்வாய் ஓர வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அன்று கரை கடந்த டானா புயல் இருந்ததோ ஒடிசாவில்!

செல்லூர் நகரின் வடக்கே. தெற்கே உள்ள அவனியாபுரத்திலும் இதே சிக்கல் வருமா?

தண்ணி ஏன் தேங்குது?

மதுரையைச் சுற்றிய கண்மாய்கள் சங்கிலி போல அமைந்தவை. ஒன்று நிரம்பினால் உபரிநீர் கலுங்கு வழியாக அடுத்ததற்குப் போகும். மடை வழியாக வயலுக்குப் பாயும். கரைக்குக் கீழே தாழ்வாக இருந்த அந்த வயல்கள்தான் இன்று பல இடங்களில் வீட்டுமனைகள். கால்வாய் அடைத்தால் தண்ணீர் தன் பழைய பாதையையே தேடும். 2011-ல் மாநகராட்சியோடு இணைந்த அவனியாபுரமும் கண்மாய்களை ஒட்டி வளர்ந்த ஊர்தான்.

நுரை சொல்லும் சேதி

பக்கத்து அயன்பாப்பாக்குடி கண்மாயில் மழைக்காலத்தில் வெள்ளை நுரை பொங்கி சாலை வரை வருவது செய்தியாகி வருகிறது. சோப்புக் கழிவு கலந்த நீர் வேகமாக விழும்போது இப்படி நுரைக்கும். வருடம் முழுக்கக் கழிவுநீர் சேரும் கண்மாயில் மழைநீருக்கு இடம் குறைவு. நிரம்பி வழிந்தால் வீட்டுக்குள் வருவதும் வெறும் மழைத்தண்ணீர் அல்ல.

ரெட் அலர்ட் வந்தால்தான் ஆபத்தா?

இல்லை. வானிலை மையக் கணக்கில் 7 முதல் 11 செ.மீ. வரை 'கனமழை', 20 செ.மீ.-க்கு மேல்தான் 'அதி கனமழை'. செல்லூரை மூழ்கடித்தது வெறும் 'கனமழை'. எத்தனை செ.மீ. என்பதோடு, எவ்வளவு நேரத்தில் என்பதும் முக்கியம்.

வைகை அணை 66 அடியைத் தொட்டதும் விடப்படும் முதல் எச்சரிக்கை ஆற்றங்கரையோர மக்களுக்கு. கண்மாய் அருகே குடியிருப்பவர்கள் கலுங்கைத்தான் கவனிக்கணும்.

என்ன செய்யலாம்?

* அக்டோபருக்கு முன்பே தெருக் கால்வாய் அடைப்பை மாநகராட்சியிடம் புகார் செய்யுங்கள்.
* தண்ணீர் புகுந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். நனைந்த கையாலோ, தண்ணீரில் நின்றபடியோ தொடாதீர்கள்.
* தொட்டியில் வெள்ளம் கலந்தால், சுத்தம் செய்து குளோரின் போடாமல் பயன்படுத்தாதீர்கள்.
* மாவட்ட அவசர எண் 1077, மாநில எண் 1070.