தேயிலைத் தோட்டமும் பங்குப் பத்திரமும்

கடுகண்ணாவைக் கணவாயிலே நின்று பார்ப்போர்க்கு இரண்டு பாதைகள் தோன்றும். ஒன்று, டோசன் துரையின் நினைவாகக் கோபுரம் எழுப்பப்பெற்ற கண்டி வீதி. மற்றொன்று, 1867ஆம் ஆண்டிற் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை. அவ்வழியே கோப்பி மூட்டைகள் இறங்கின; பின்னர் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. இவையெல்லாம் நம் பெரியோர் பலகாலும் சொல்லக் கேட்டவை. ஆனால் ஓசையின்றி இறங்கிய பொருள் வேறொன்றுண்டு. அதுவே தோட்டங்களின் உடைமை. மலையிலிருந்த நிலம் கொழும்பிலும் இலண்டனிலும் காகிதமாக விலைபோன கதையை நம் இளைஞருட் பலர் அறியார். அதனையே இங்கு எழுதப் புகுந்தோம்.

கோப்பிக் காலத்துத் தோட்டங்களிற் பல தனித் துரைமாருக்கு உரியவை. 1869இல் இலைநோய் தோன்றிற்று; 1884இல் ஓரியன்டல் வங்கியும் கதவடைத்தது. கடன்பட்ட துரைமார் வீழ்ந்தனர். அவர்களை நம்பி வேலை செய்தோரின் சம்பளமும் நிலுவையாய் நின்றது. தேயிலையோ, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துராத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் பயிரிட்டுக் காட்டிய புதுப் பயிர். கோப்பியைப்போல் உலர்த்தி மூட்டை கட்டினால் முடிகிற காரியமன்று அது. கொழுந்து பறித்த அன்றே வாட்டவும் அரைக்கவும் ஆலை வேண்டும், இயந்திரம் வேண்டும். தனியொருவர் கைப்பணம் அதற்குப் போதாது. ஆகவே பலர் பணத்தைச் சேர்க்கும் கம்பனிகள் பெருகின.

இதற்கான சட்டம் 1861லேயே இலங்கையில் இருந்தது. கம்பனி நொடித்தால், பங்குதாரர் தாம் இட்ட பணத்தை மாத்திரமே இழப்பார், வீடுவாசலை இழக்கமாட்டார். லயத்தில் இருந்தவருக்கு அப்படியொரு வரம்பை எச்சட்டமும் அன்று வகுக்கவில்லை என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1896இல் கொழும்பிலே பங்குத் தரகர் சங்கம் தோன்றிற்று. அங்கே கைமாறியவை பெரும்பாலும் தோட்டக் கம்பனிகளின் பங்குகளே. இங்கே பதிவான கம்பனிகளை ‘ரூபாய்க் கம்பனி’ என்றும், இங்கிலாந்திற் பதிவானவற்றை ‘ஸ்டேர்லிங் கம்பனி’ என்றும் வழங்கினர். தரகர் சிலர் கூடி விலை பேசுவர். வெளியார் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவர்களைக் கண்காணிக்க அரசாங்க ஆணைக்குழு எதுவும் அன்றில்லை.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டின் திருத்தமும் இச்சந்தையின் முதுகெலும்பையே முறித்தன. பின்னர் 1985இல் அமைந்த புதிய நிறுவனமே, 1990 முதல் ‘கொழும்புப் பங்குப் பரிவர்த்தனை’ என்று பெயர் பெற்றது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் மேற்பார்வைக்கு ஒரு சபையும் அமைந்தது. அதுவே இன்றைய பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு.

ஒரு கம்பனி இச்சந்தையின் பட்டியலில் இடம்பெற வேண்டுமாயின் யாது செய்தல் வேண்டும்? அண்மைக்கால விதிகளின்படி, முதற்றரப் பட்டியலுக்கு 50 கோடி ரூபாவுக்குக் குறையாத மூலதனம் வேண்டும். தொடர்ந்து மூன்றாண்டுகள் இலாபம் கண்டிருத்தல் வேண்டும். கடன் போகச் சொத்து மிஞ்சியிருத்தல் வேண்டும். ‘திரி சவி’ என்னும் அடுத்த பட்டியலுக்கு மூலதனம் 10 கோடி போதும், நிபந்தனைகளும் இலேசானவை. பங்குகளில் ஒரு பகுதி பொதுமக்கள் பலர் கையில் இருத்தலும் அவசியம். உரிமையாளர் தம் குடும்பத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் பூட்டி வைத்துக்கொண்டு, ‘நாமும் பட்டியலிற் சேர்ந்தோம்’ என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பணத் தொகையிலும் பெரிய நிபந்தனையாக நாம் கருதுவது பின்வருவதையே. பட்டியலிற் சேர்ந்த கம்பனி தன் கணக்கைக் காலாண்டுதோறும் ஊரறிய வெளியிடுதல் வேண்டும். கணக்காய்வாளர் பார்த்த ஆண்டறிக்கையையும் வெளியிடுதல் வேண்டும். பங்கின் விலையைப் பாதிக்கக்கூடிய செய்தி எதுவாயினும் காலந்தாழ்த்தாது அறிவித்தல் வேண்டும். சுருங்கச் சொன்னால், பெட்டகத்தைப் பிறர்முன் திறந்து காட்டச் சம்மதித்தவர்க்கே அங்கு இடம். 1896இல் துரைமார் அறையிற் பேசிய கணக்கு இன்று எவரும் படிக்கக்கூடிய கணக்காயிற்று.

இதில் நமக்கென்ன? 1992இல் அரசாங்கத் தோட்டங்கள் 20க்கு மேற்பட்ட பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டன. பின்னர் அவற்றின் பங்குகள் விற்கப்பட்டபோது, பெரும்பான்மைப் பங்கு முதலீட்டாளருக்கும், ஒரு பகுதி சந்தை வழியாகப் பொதுமக்களுக்கும், நூற்றுக்குப் பத்துப் பங்கு தொழிலாளருக்கு இலவசமாகவும் சென்றன. கொழுந்து பறித்த கைக்குப் பங்குப் பத்திரம் கிடைத்தது அதுவே முதன்முறை எனலாம்.

கிடைத்த பத்திரம் என்னவாயிற்று? தோட்டத்துப் பெரியவர் ஒருவர் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்திருந்த கடதாசியை எம்மிடம் கொண்டுவந்து, “தம்பி, இது சேமலாபப் பணத்துக் கடிதமா? பாத்துச் சொல்லு” என்று கேட்டார். அது பங்குப் பத்திரம். கொடுத்தவர் எவரும் அதன் பொருளை அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. 1991இல் தொடங்கிய மத்திய வைப்புத் திட்டத்திற் கணக்குத் திறந்து, தரகர் வழியாகவே அதனை விற்க முடியும் என்பதை நாம் சொன்னபோது, “இத்தனை வருஷம் பெட்டியிலயா கெடந்துச்சு?” என்று சிரித்தார். அச்சிரிப்பு எமக்கு இனிக்கவில்லை.

ஆங்கிலம் கற்ற நம் இளைஞர்க்கு ஒரு வேலை சொல்வோம். பட்டியலிலுள்ள தோட்டக் கம்பனி ஒன்றின் ஆண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். இணையத்தில் அது இலவசமாகவே கிடைக்கும். வருமானம், இலாபம், பங்குலாபம் ஆகியவற்றைக் கடந்து, கம்பனி பிறர்க்குக் கொடுக்கவேண்டிய கடன்கள் உள்ள பக்கத்துக்குச் செல்லுங்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தால் தொழிலாளர்க்கு உரித்தான தொகையும் அங்கே கடனாக எழுதப்பட்டிருக்கும். உங்கள் தாயாரோ பாட்டியாரோ அத்தோட்டத்திற் பெயர் பதிந்து உழைப்பவராயின், அவர்க்குச் சேரவேண்டியதும் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது.