மனச்சிதைவு நோயில் மறைநினைவும் முன்தூண்டலும்

போடிநாயக்கனூர் வட்டாரத்தில், ராசிங்காபுரம் போன்ற அடிவார ஊர்களிலிருந்து ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் விரல்கள் முற்றிய காயைத் தாமே கண்டுபிடித்துப் பறிக்கும். அதை என்றைக்கு, யாரிடம் கற்றார்கள் என்று கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரியாது. இப்படி, நினைத்துப் பார்க்காமலே செயலில் வெளிப்படும் பழைய அனுபவத்துக்கு மறைநினைவு என்று பெயர். முன்தூண்டல் அதன் ஒரு வகை. ஒரு பட்டியலில் 'ஏலக்காய்' என்று படித்தவரிடம் பிறகு 'ஏல' என்று மட்டும் காட்டி நிரப்பச் சொன்னால், பட்டியலே மறந்திருந்தாலும் அந்தச் சொல்தான் முதலில் வாயில் வரும்.

மனச்சிதைவு நோயில் இதை ஆராய்ந்த வரலாறு 1911-இல் இரு கிளைகளாகத் தொடங்குகிறது. ஜெனீவாவில் உளவியலாளர் கிளாப்பரேட், மறதி நோயுள்ள ஒரு பெண்ணின் கையைக் குலுக்கும்போது மறைத்து வைத்திருந்த ஊசியால் குத்தினார். பின்னர் அந்தப் பெண்ணுக்கு அந்த நிகழ்ச்சி நினைவில்லை. ஆனாலும் கைகொடுக்க மறுத்தார். அதே சுவிட்சர்லாந்தில், அதே ஆண்டில், சூரிச் மருத்துவர் பிளாய்லர் மனச்சிதைவு பற்றிய தம் நூலை வெளியிட்டார். எண்ணங்களை இணைக்கும் இழை தளர்வதே நோயின் அடிப்படை என்பது அவர் கருத்து. இவ்விரு கிளைகளும் சந்திக்க முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

1971-இல் மேயரும் ஷ்வானவெல்ட்டும், பொருளால் தொடர்புடைய சொல்லை முன்னதாகக் காட்டினால் அடுத்த சொல் விரைவாக அடையாளம் காணப்படுகிறது என்று காட்டினர். மறைநினைவு என்ற கருத்துக்கு 1985-இல் கிராஃபும் ஷாக்டரும் பெயரிட்டனர். 1988-இல் மான்ஷ்ரெக், மேஹர் குழுவினர், சிந்தனைக் குழப்பமுள்ள மனச்சிதைவு நோயாளிகளிடம் பொருள்வழித் தூண்டல் மற்றவர்களைவிட அதிகம் என்றனர். ஹைடல்பர்க்கில் ஸ்பிட்சர் 1993-இல் மேலும் ஒரு படி போனார்: அத்தகைய நோயாளிகளிடம் 'எலுமிச்சை' என்றதும், இடையே சொல்லப்படாத 'புளிப்பு' வழியாக, 'இனிப்பு' வரை தூண்டல் பாய்ந்தது. பிளாய்லரின் தளர்ந்த இழையை நொடியின் பின்னங்களில் அளந்த சோதனை இது. தூண்டல் குறைவதாகக் கண்ட ஆய்வுகளும் உண்டு. முடிவுகள் மாறுபட ஒரு காரணம் நேர இடைவெளி: இரு சொற்களுக்கு இடைப்பட்ட நேரம் மிகக் குறைவானால் தானாக நிகழும் இணைப்பும், நீண்டால் கவனத்தோடு தேடுவதும் அளக்கப்படுகின்றன. நோயில் பெரிதும் அடிபடுவது இரண்டாவது.

படித்த சொற்களை நினைவுபடுத்திச் சொல்வதில் நோயாளிகள் தெளிவாகப் பின்தங்குகிறார்கள். ஆனால் சொல்லை நிரப்பும் சோதனைகளில் பலர் மற்றவர்களுக்கு இணையாகவே செய்கிறார்கள். கைப்பழக்கத்தைப் பொறுத்தவரை முடிவுகள் கலவையானவை. மூளையின் வேதிப்பொருளான டோபமினைக் கடுமையாகத் தடுக்கும் பழைய மருந்துகள் புதிய பழக்கம் படிவதைத் தாமதப்படுத்தக்கூடும்.

இந்தியாவில் பரவலாகப் பயன்படும், சண்டிகரில் உருவான பிஜிஐ நினைவு அளவுகோல் கேட்டுச் சொல்லவைக்கும் நினைவையே பெரிதும் அளக்கிறது. எஞ்சியிருக்கும் திறன் மதிப்பெண்ணில் ஏறுவதில்லை, இது பெருங்குறை. சிகிச்சையைப் பொறுத்தவரை, 1984-இல் மருத்துவர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மருந்தோடு தொழிற்பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் குழு, நோய் முதன்முறை வந்தவர்களுக்கு வீட்டிலேயே அளித்த அறிவாற்றல் பயிற்சியின் பலன்களை 2012-இல் வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலஸில் கெர்ன் சோதித்த 'பிழையில்லாக் கற்றல்' மறைநினைவையே நம்பி அமைந்தது: வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, தவறு நேர வாய்ப்பளிக்காமல், ஒரு படி கைக்கு வந்த பிறகே அடுத்ததைக் கற்பிப்பார்கள்.