மூன்றாந் தரப்புக் காப்புறுதி: ஒரு சட்டக் குறைந்தபட்சத்தின் வரலாறு

மோட்டார் வாகனம் ஒன்றை வாங்குவோர் முதலில் எதிர்நோக்கும் வினாக்களுள் ஒன்று, அதற்கு எத்தகைய காப்புறுதியைச் செய்வது என்பதாகும். சட்டம் வற்புறுத்துகின்ற மூன்றாந் தரப்புக் காப்புறுதியோடு அமைவதா, அன்றித் தமது வாகனத்துக்கு நேரும் சேதத்தையும் உள்ளடக்கும் முழுமைக் காப்புறுதியை நாடுவதா என்பதே அவ்வினா. சென்ற விடுமுறையின்போது பழைய கார் ஒன்றை வாங்கியிருந்த என் மாமா, இருவகைக் கட்டணங்களையும் குறித்த இரு தாள்களை என் முன் வைத்து, "தேட் பார்ட்டி காணுந்தானே? சட்டம் கேட்கிறது அவ்வளவுதானே?" என வினவினார். யான் பயில்வது வரலாறேயன்றிக் காப்புறுதியன்று. ஆயினும் 'காணும்' என்ற அச்சொல் என் சிந்தனையைத் தூண்டிற்று. யாருக்குக் காணும்? சட்டம் விதித்த இக்குறைந்தபட்சம் எக்காலத்தில், எவர் நலன் கருதி, எத்தகைய இணக்கப்பாட்டின் விளைவாக வரையறுக்கப்பட்டது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொல்லைக் கவனிப்போம். காப்புறுதி ஒப்பந்தத்தில் முதலாந் தரப்பினர் வாகன உரிமையாளர். இரண்டாந் தரப்பினர் காப்புறுதிக் கம்பனியார். ஒப்பந்தத்திற் கையொப்பமிடாத, அஃது உள்ளதென்பதையே அறியாத, தெருவிற் சென்று அடிபடுகின்ற மனிதரே மூன்றாந் தரப்பினர். ஒப்பந்தத்திற் பங்குகொள்ளாதவர் அதன் பயனைக் கோரி வழக்குத் தொடர முடியாதென்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கொள்கை. இக்கொள்கை தெருவிற் புகுந்தபோது விளைந்த அநீதியை 1928 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்றுள்ள ஹரிங்டன் மோட்டார் கம்பனி வழக்கு நன்கு புலப்படுத்துகின்றது. அக்கம்பனியின் வாகனத்தாற் காயமுற்ற ஒருவர் நட்டஈட்டுத் தீர்ப்பினைப் பெற்றார். பணம் கைக்கு வருமுன் கம்பனி கலைக்கப்பட்டது. காப்புறுதியாளர் தாம் செலுத்தவேண்டிய தொகையைக் கலைப்பாளரிடம் செலுத்தினர். அத்தொகை கம்பனியின் பொதுச் சொத்தே எனவும், காயமுற்றவர் ஏனைய கடன்கொடுத்தோரோடு ஒருவராக வரிசையில் நிற்கவேண்டியவரே எனவும் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய காயத்தின் பொருட்டே கிடைத்த பணம் பிறருடைய கடனைத் தீர்க்கப் பயன்பட்டது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1930 இல் காப்புறுதியாளருக்கெதிரான மூன்றாந் தரப்பினரின் உரிமைகள் பற்றிய சட்டத்தை இயற்றி இவ்விடைவெளியை அடைத்தது.

அதே ஆண்டில் இயற்றப்பட்ட வீதிப் போக்குவரத்துச் சட்டம் இதனினும் பெரிய அடியொன்றை எடுத்துவைத்தது. அக்காலப் பிரித்தானியாவில் ஓடிய மோட்டார் வாகனங்கள் ஏறத்தாழ 23 இலட்சமே. எனினும் அவ்வோராண்டில் வீதிகளில் மாண்டோர் 7,000 பேருக்கும் மேற்பட்டோராவர். 1928 இல் நியமிக்கப்பட்ட போக்குவரத்துக்கான அரச ஆணைக்குழுவின் பரிந்துரைகளைத் தழுவி, தொழிற்கட்சி அரசாங்கத்தின் போக்குவரத்து அமைச்சர் ஹேர்பேட் மொறிசன் கொண்டுவந்த இச்சட்டம், மூன்றாந் தரப்புக் காப்புறுதியின்றி வாகனம் செலுத்துவதைக் குற்றமாக்கிற்று. ஈண்டு ஒரு முரண்பாட்டைச் சுட்டாதிருத்தல் இயலாது. கார்களுக்கு மணிக்கு 20 மைல் என விதிக்கப்பட்டிருந்த வேக எல்லையை நீக்கியதும் இதே சட்டமே! ஒரு கையால் வேகத்துக்கு வழிவிட்டு, மறு கையால் அடிபடுவோருக்கு நட்டஈட்டை உறுதிசெய்தனர். கட்டாயக் காப்புறுதியை வேகத்துக்குக் கொடுக்கப்பட்ட விலையென நோக்குவதே பொருத்தமானது என்பது என் கருத்து. குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்ற எல்லையை 1934 ஆம் ஆண்டுச் சட்டம் பின்னர் விதித்தது.

சட்டம் எதனைக் கட்டாயமாக்கிற்று என்பதைப் போலவே, எதனை விட்டுவிட்டது என்பதும் முக்கியமானது. பிறருக்கு நேரும் மரணமும் உடற்காயமும் மட்டுமே அதன் எல்லைக்குட்பட்டன. இடிபட்ட மதிலும் நொருங்கிய வண்டியும் அதனுள் அடங்கவில்லை. கூலிக்கு ஏற்றிச்செல்லப்படாத பயணியும் அடங்கவில்லை. அதாவது, காரின் உள்ளே அமர்ந்திருக்கும் சாரதியின் மனைவியோ நண்பரோ சட்டத்தின் கண்ணிற் படவேயில்லை. பயணிகளுக்கான காப்புறுதி 1972 டிசம்பர் முதலே அங்கு கட்டாயமாயிற்று. பிறர் சொத்துச் சேதம் 1988 இன் இறுதி வரை காத்திருந்தது.

பிரித்தானியச் சட்டம் தீங்கின் வகையைக் கொண்டு குறைந்தபட்சத்தை வரையறுத்தது. உடற்காயத்துக்குரிய தொகைக்குப் பொதுவில் அது மேலெல்லை வைக்கவில்லை. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலமோ வேறு வழியிற் சென்றது. 1927 இல் நடைமுறைக்கு வந்த அதன் கட்டாயச் சட்டம் ஒருவருக்கு 5,000 டொலர், ஒரு விபத்துக்கு 10,000 டொலர் எனத் தொகையைக் கொண்டே எல்லையிட்டது. அக்காலத்தில் அது சிறு தொகையன்று. எனினும் எழுதிவைத்த எண் தானாக வளர்வதில்லை. அண்மையில் 2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உயர்த்தப்பட்ட பின்னரும் அங்கு ஒருவருக்குரிய குறைந்தபட்சம் 25,000 டொலரேயாகும். பொருள்விலைகள் பதினைந்து மடங்குக்கும் மேலாக ஏறிய காலத்தில் அடிபட்டவரின் பாதுகாப்பு ஐந்து மடங்காகவே உயர்ந்தது. அயல் மாநிலமான கனெற்றிக்கற் 1925 இல் இயற்றிய சட்டம் இன்னும் விசித்திரமானது. விபத்தொன்றுக்கு உள்ளான பின்னரே சாரதி தமது நிதிவலுவை நிரூபிக்கவேண்டும் என்றது. முதலில் அடிபட்டவருடைய கதி என்ன என்ற வினாவுக்கு அதில் விடையில்லை.

மீண்டும் பிரித்தானியாவுக்கு வருவோம். கட்டாயமாக்கியதோடு சிக்கல் தீர்ந்துவிடவில்லை. பத்திரத்தின் நிபந்தனைகளைக் காட்டிக் காப்புறுதியாளர் தப்பிக்கொண்டனர். சாரதியின் வயது, வாகனத்தின் நிலை, ஏற்றிய பாரம் முதலியவை பற்றிய நிபந்தனைகளைக் காட்டி அடிபட்டவரின் கோரிக்கையை மறுத்தல் ஆகாதென 1934 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. நீதிமன்றத் தீர்ப்பின்படியான தொகையைக் காப்புறுதியாளரே நேராகச் செலுத்தவேண்டும் என்ற கடப்பாட்டையும், சில விலக்குகளோடு, அதுவே விதித்தது. அக்காலத்தில் மங்க் எதிர் வாபி என்னும் வழக்கும் எழுந்தது. உரிமையாளர் தமது காரை இரவல் கொடுத்தார். அவருடைய காப்புறுதி வேறொருவர் செலுத்துவதை உள்ளடக்கவில்லை. காயமுற்றவருக்கு உரிமையாளரே நட்டஈடு செலுத்தும் பொறுப்புடையவர் என மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. கலியாண வீடென்றால் காரின் திறப்பைக் கேட்டவர் கையிற் கொடுத்துவிடும் எம்மவர் அறிந்திருக்கவேண்டிய வழக்கு இது.

காப்புறுதியே இல்லாத வாகனம் மோதினால்? 1937 இல் அறிக்கை சமர்ப்பித்த கசல் குழு இதனை ஆராய்ந்தது. யுத்தத்தின் பின்னர், 1946 இல், காப்புறுதிக் கம்பனிகள் ஒன்றுசேர்ந்து அமைத்த மோட்டார் காப்புறுதியாளர் பணியகம் அப்பொறுப்பை ஏற்றது. மோதிவிட்டு ஓடி மறைந்த சாரதிகளாற் காயமுற்றோருக்கு 1969 இன் உடன்படிக்கை வழிசெய்தது. அவ்விடைவெளிகள் யாவும் அடைக்கப்படும்வரை அவற்றினுள் வீழ்ந்தவர்களைப் பற்றிச் சட்ட நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

இலங்கைக்கு இக்கருத்து பிரித்தானியச் சட்டத்தின் வழியாகவே வந்தது. 1938 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க மோட்டார் வாகனக் கட்டளைச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதி பற்றிய விதிகளையும், தீர்ப்புத் தொகையைக் காப்புறுதியாளர் செலுத்தும் கடப்பாட்டையும் கொண்டிருந்தது. அவற்றின் தொடர்ச்சியை 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்திற் காணலாம். காப்புறுதித் தொழில் 1960களில் அரச கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையானதும், 1980களின் பிற்பகுதியில் மீண்டும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டதும் விற்பவரை மாற்றினவேயன்றிக் கட்டாயம் என்ற கொள்கையை மாற்றவில்லை. காப்புறுதிச் சான்றிதழின்றி வருமான அனுமதிப்பத்திரம் பெறமுடியாது என்ற நடைமுறையால் மூன்றாந் தரப்பு என்பது எம்மவர் மனத்தில் ஒரு வரியைப் போலவே பதிந்துவிட்டது. தனக்கென ஒன்றும் கிடைக்காத வரியாயின், அதனை இயன்றளவு குறைத்துச் செலுத்த எண்ணுவது இயல்புதானே.

இவற்றையெல்லாம் மாமாவுக்கு எடுத்துரைத்தேன். மூன்றாந் தரப்பு என்பது அவர் காருக்கன்று, அவர் கார் மோதக்கூடிய மனிதருக்கே என்பதை அவர் பொறுமையோடு கேட்டார். பின்னர் முழுமைக் காப்புறுதித் தாளை எடுத்து வரி வரியாகப் பார்த்தார். முழுமை என்ற பெயரிருந்தும் அதில் அடங்காதவை பல. கலவரத்தாலும் பயங்கரவாதத்தாலும் நேரும் சேதத்துக்கெனத் தனி வரியும் தனிக் கட்டணமும் இருந்தன. இவ்விடர்களுக்கென அரசாங்கம் 1987 இல் தனி நிதியம் ஒன்றை நிறுவியதன் விளைவே அவ்வரி. 1983 யூலையின் பின் நான்கு ஆண்டுகள் கழிந்து அந்நிதியம் தோன்றிற்று. கண்ணாடிக்கு ஏன் இவ்வளவு, இழுத்துச் செல்வதற்கு ஏன் இவ்வளவு என ஒவ்வொரு வரிக்கும் பேரம் பேசிக்கொண்டிருந்த மாமா, அந்த வரிக்கு வந்ததும் ஒன்றுங் கேளாமல் பேனாவை எடுத்து அடையாளமிட்டார்.