மன்னார்க் கரையும் தந்தப் பிடிகளும்

போர்த்துக்கேயர் 1560இல் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்த மன்னார்த் தீவின் வரலாறு முத்துக்குளிப்பைக் கொண்டே பெரிதும் எழுதப்பட்டிருப்பினும், வன்னிப் பகுதியின் குறுநிலத் தலைவர்களாகிய வன்னியர்கள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகச் செலுத்திவந்த அயல் பெருநிலத்தை விட்டுவிட்டால் அவ்வரலாறு குறையுடையதே. இலங்கைக் களிறுகளில் தந்தமுடையவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பதால், உயிருள்ள யானையே இங்கு பெருஞ்சரக்காயிற்று. அரிதாகிய தந்தமோ கண்டி நாட்டுக் கத்திகளின் பிடிகளாகவும் துப்பாக்கிகளின் அடிக்கட்டைகளில் பதித்த வேலைப்பாடாகவும் அமைந்தது.

பழைய பிடியொன்று யானைத் தந்தமே என்று துணிவதற்கு, அதன் குறுக்குமுகத்தில் ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் மெல்லிய வளைகோடுகளாகிய ஷ்ரெகர் கோடுகளே முதன்மைச் சான்று. எலும்பில் இக்கோடுகள் இரா; மாறாக, குருதிநாளங்கள் ஓடிய நுண்குழல்கள் கரும்புள்ளிகளாகவும் சிறு கீற்றுகளாகவும் உருப்பெருக்கியில் தென்படும். மன்னார்க் குடாவில் நெடுங்காலம் வேட்டையாடப்பட்ட ஆவுளியாவின், அதாவது கடற்பசுவின், ஆணுக்கும் சிறு தந்தங்கள் உண்டெனினும் அவற்றிலும் ஷ்ரெகர் கோடுகள் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய செல்லுலாயிட்டுப் போலிகளிலோ கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல், இயற்கைக்கு ஒவ்வாத ஒழுங்குடன் இணையாக ஓடும்.

காலத்தைக் கணிப்பதில் மஞ்சள் நிறத்தை நம்புவது பேதைமை. தேயிலைச் சாறும் புகையும் அந்நிறத்தை ஒரே நாளில் தந்துவிடும். கைபட்டுத் தேய்ந்த இடங்களும் ஆணித்துளைகளின் விளிம்பும் அதனினும் நம்பத்தக்கவை. 1950களின் அணுவெடிச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கதிரியக்கக் கரிமம் மிகுந்ததால், அதன்பின் வளர்ந்த தந்தத்தை ஆய்வகம் எளிதில் பிரித்தறியும். இக்காலக்கணிப்பு சட்டத்தின் பொருட்டும் வேண்டப்படுவது; ஏனெனில் ஆசிய யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகம் 1975 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.