கிண்டர் மேட்டில் ஒரு நடை

இங்கிலாந்தின் டார்பிஷயரிலுள்ள கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்தில் இன்று எவரும் தம் நாயுடன் உலவி வரலாம். இந்த எளிய இன்பத்தின் பின்னே சிறைவாசம் ஒன்று இருக்கிறது. கௌதாரியை ஒத்த கிரவுஸ் பறவைகளை வேட்டையாடுவதற்கென்றே நிலவுடைமையாளர் அங்குக் காவலாட்களை நிறுத்திப் பிறர் நுழையாமல் தடுத்திருந்தனர். 1932 ஏப்ரல் 24 அன்று, பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞர் முன்னிற்க, மான்செஸ்டர் முதலிய ஊர்களின் இளந்தொழிலாளர் சில நூறு பேர் தடையை மீறி மேலேறினர். அவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை நடை. சட்டத்தின் கண்ணுக்கோ கலகம். ஐவர் சிறை சென்றனர்.

இத்தகைய மேட்டுநிலங்களில் நடக்கும் பொது உரிமையை இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் 2000ஆம் ஆண்டுச் சட்டமே நல்கியது. ஆயினும் மார்ச் முதல் நாள் தொடங்கி ஜூலை இறுதிவரை, நாயை 2 மீட்டருக்கு மேற்படாத வாரில் பிடித்தே செல்லவேண்டும். தரையில் கூடுகட்டும் பறவைகள் குஞ்சு பொரிக்கும் பருவம் அது. அன்று துப்பாக்கிக்காகக் காக்கப்பட்ட அதே கிரவுஸும் அவற்றுள் ஒன்று.