இடமில்லை என்றால் யாரிடம் போவது?

எங்கள் காலத்தில் பள்ளியில் சேர ஒரே ஒரு தேர்வுதான். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். விரல் காதில் பட்டால் ஒன்றாம் வகுப்பு. படாவிட்டால், "அடுத்த வருஷம் கூட்டிக்கிட்டு வா" என்று தலைமையாசிரியர் சொல்லிவிடுவார். பட்ட பிள்ளைக்குப் பிறந்த தேதியையும் அவரே போட்டுக்கொள்வார். ஜூனில் வயது சரியாக வர வேண்டும் என்பதால் கிராமத்துப் பிள்ளைகள் பலரும் பதிவேட்டில் மே மாதத்திலேயே பிறந்தார்கள். கை எட்டாத பிள்ளையின் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். வாத்தியார் சொன்னதற்கு மேல் ஒருவரிடம் போய்க் கேட்கலாம் என்பதே அவருக்குத் தோன்றியிருக்காது.

சிதம்பரம் பக்கத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சேர்க்கைப் பதிவேட்டைப் பல ஆண்டுகள் என் கையால் எழுதினேன். இப்போது சேர்க்கை மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பெற்றோருக்கு மனு எழுதித் தருகிறேன். அப்படி எழுதும்போதெல்லாம் பழைய கதை ஒன்று எனக்குள் ஓடும். ஒரு பிள்ளைக்கு இடமில்லை என்றால், 'ஏன் இல்லை?' என்று கேட்கும் உரிமை எங்களுக்கு எப்போது வந்தது?

இந்தியாவில் அந்தக் கேள்வியை முதலில் எழுத்தில் கேட்டவர்களில் ஒருவன் தார்வாட்டைச் சேர்ந்த, தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்ட மகர் சாதிச் சிறுவன். 1856 ஜூனில் அரசுப் பள்ளி அவனைச் சேர்க்க மறுத்தது. அவன் பம்பாய் அரசுக்கு மனுப் போட்டான். ஒருவனுக்காக மற்றவர்கள் எல்லாரும் பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள் என்று சொல்லிக் கைவிரித்தது பம்பாய். கல்கத்தாவிலிருந்த இந்திய அரசோ, வங்காளத்து அரசுப் பள்ளி எதிலும் அவனை மறுத்திருக்க மாட்டார்கள் என்றது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி எல்லா வகுப்பாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களும் 1858-இல் எழுதினார்கள். கொள்கை ஜெயித்தது என்று காகிதம் சொல்கிறது. காகிதம் வேறு, தெரு வேறு.

தெருவை என் தாத்தாவின் கதையில் பார்க்கலாம். அவர் ஊர் புவனகிரிப் பக்கம். ஊர்ப் பள்ளி பெருமாள் கோயில் மண்டபத்தில் நடந்தது. அவரைச் சேர்க்க மாட்டேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. பள்ளிக்குப் போகும் தெருவில் கால் வைக்க முடியாதவன் பள்ளி வாசலுக்கு எப்படி வந்து நிற்பான்? எந்தப் பதிவேட்டிலும் அவர் 'மறுக்கப்பட்டவர்' இல்லை. மனுப் போட ஒரு மறுப்புகூட அவர் கையில் கொடுக்கப்படவில்லை. இந்தக் கடலூர் மாவட்டத்தின் பள்ளி வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. பதிவேட்டில் ஏறிய பெயர்களை எண்ணலாம். தெருமுனையிலேயே நின்றுபோனவர்களை யார் எண்ணினார்கள்?

அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் முதலில் அசைந்து கொடுத்தது மிஷன்காரர்கள்தான். சபைக்குள் சாதி பார்ப்பதை ஏற்காமல் லைப்சிக் மிஷனை விட்டு வெளியே வந்த கார்ல் ஓக்ஸ் என்ற பாதிரியார், 1860-களில் நெல்லிக்குப்பம் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் பணியைத் தொடங்கினார். பிறகு அது டேனிஷ் மிஷனோடு சேர்ந்தது. டேனிஷ் மிஷன் பள்ளிகள் இன்றும் இந்தப் பக்கத்தில் நடக்கின்றன. அரசு தாமதமாகத்தான் வந்தது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி 1891-இல் எழுதிய குறிப்புக்குப் பிறகு, 1893-இல், பஞ்சமர் என்று அப்போது அழைக்கப்பட்ட தீண்டத்தகாத சாதியினரின் கல்விக்கென்று சென்னை அரசு தனி உத்தரவு போட்டது. 1920-இல் லேபர் கமிஷனரிடம் இந்தப் பொறுப்பு போய், சேரிகளில் தனிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு வேர் அங்கேதான். ஒன்று கவனிக்க வேண்டும். பூட்டிய கதவைத் திறக்கச் சொல்வதைவிடப் பக்கத்தில் வேறொரு கட்டடம் கட்டுவது அரசுக்குச் சுலபமாக இருந்தது.

ஆனால் அந்த வேறு கட்டடத்தை மறுக்கப்பட்டவர்களே கட்டினால் அதன் கதை வேறு. அது சிதம்பரத்தில் நடந்தது.

ஆரணி பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்தவர் முனுசாமி. திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தார். குடும்பத்தோடு கோலார் தங்கவயலுக்குப் போனார். வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் சீடராகி சகஜானந்தர் ஆனார். 1910-இல் குரு அவரைச் சிதம்பரத்துக்கு அனுப்பினார். வந்து தங்கிய இடம் ஓமக்குளம். நந்தனார் தீயில் இறங்கியதாக மக்கள் நம்பும் இடம் அது. கோயிலுக்குள் விட அனுமதி வேண்டி நந்தனார் வெளியே காத்துக் கிடந்த அதே ஊரில், 1916-இல் அவர் பெயரிலேயே நந்தனார் கல்விக் கழகம் தொடங்கியது. பள்ளி வந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் தங்க விடுதியும் வந்தது. விடுதி இல்லையென்றால் பள்ளி இருந்தும் பயனில்லை என்று சுவாமிகளுக்குத் தெரிந்திருந்தது. காலையில் நடவுக்கும் மாட்டுக்கும் போகிற பிள்ளை பத்து மைல் நடந்து வந்து படிக்காது. சோறும் படுக்க இடமும் முதலில் வேண்டும்.

என் தாத்தா அந்த விடுதியில் தங்கிப் படித்தவர். தட்டும் துணியும் ஒரு தகரப் பெட்டியுமாக வந்தாராம். அங்கே காதைத் தொடச் சொல்லவில்லை, யார் பிள்ளை என்றும் கேட்கவில்லை என்பதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பெருமாள் கோயில் மண்டபத்துக்கு அவர் பதிலாகச் சொன்னது அது ஒன்றுதான்.

சுவாமிகள் பள்ளியோடு நிற்கவில்லை. 1926-இல் சென்னைச் சட்டசபைக்குப் போனார். 1952-லும் 1957-லும் சிதம்பரம் தொகுதியில் நின்று சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1959 மே 1-ஆம் தேதி காலமானார். அவர் தொடங்கிய பள்ளி ஆண்கள், பெண்கள் மேல்நிலைப் பள்ளிகளாக இன்று அரசுப் பொறுப்பில் நடக்கிறது. சிதம்பரம் என்றால் தில்லையையும் 1929-இல் வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் சொல்கிறோம். பல்கலைக்கழகத்துக்குப் பதின்மூன்று ஆண்டு முன்னதாக ஓமக்குளத்தில் எழுந்த இந்தப் பள்ளியையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சேர்த்துக்கொண்ட பிறகும் மறுக்க முடியும். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் 1924-இல் பிறந்த எல். இளையபெருமாள் படித்த பள்ளியில் தண்ணீருக்கு இரண்டு பானைகள் இருந்தன. சேரிப் பிள்ளைகளுக்கென்று வைத்த தனிப்பானையை அந்த மாணவர் உடைத்தார். எழுத்தில் போடாத மனு என்றே அதைச் சொல்லுவேன். 1952-இல் அவர் மக்களவைக்குப் போனார். 1965-இல் தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். 1969-இல் அதன் அறிக்கை வந்தது. பானை உடைத்த பையன் நாடு முழுக்கப் பள்ளிகளிலும் கிணறுகளிலும் கோயில்களிலும் நடப்பதை விசாரித்து எழுதும் இடத்துக்கு வந்தார்.

இதற்கு நடுவில் பெரிய வழக்கு ஒன்றும் வந்தது. மருத்துவக் கல்லூரி இடம் தொடர்பாகச் செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில், 1951-இல் உச்ச நீதிமன்றம் கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உத்தரவைத் தள்ளியது. தமிழகம் கொதித்தது. அதே ஆண்டில் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. வழக்காடத் தெரிந்தவர்கள் கல்லூரி இடத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். ஒன்றாம் வகுப்பு மறுக்கப்பட்ட சேரிப் பிள்ளைக்காக அப்போது அங்கே போக யாருக்கும் கை நீளவில்லை. காமராசர் காலத்தில் ஊருக்கு ஊர் பள்ளி வந்தது, 1956-இல் மதிய உணவும் வந்தது. பள்ளி தூரம் என்ற காரணமும் பசி என்ற காரணமும் பெருமளவு ஒழிந்தன. மறுப்பை எதிர்த்துக் கேட்க ஒரு சட்டம் மட்டும் இன்னும் வரவில்லை.

அது வந்தது 2009-இல்தான். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கானது. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது அதன் 14-ஆம் பிரிவு. கடைசித் தேதி முடிந்தாலும் மறுக்கக் கூடாது என்கிறது 15-ஆம் பிரிவு. டி.சி. வரத் தாமதமானால் அதையும் காரணம் காட்டக் கூடாது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நேர்காணல் வைத்துத் தேர்ந்தெடுத்தால் பள்ளிக்கு அபராதம். 32-ஆம் பிரிவில்தான் நான் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது: உள்ளூர் அதிகார அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம், மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், முடிவு திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம்.

தனியார் பள்ளியில் நுழைவு வகுப்பில் கால்பங்கு இடம் என்பதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நலிந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள், வீடு ஒரு கிலோமீட்டருக்குள், விண்ணப்பம் கூடினால் குலுக்கல். 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இதிலிருந்து முழு விலக்குக் கொடுத்தது. 2025-இல் மத்திய அரசும் மாநில அரசும் நிதி பற்றிச் சண்டையிட்டதில், உயர் நீதிமன்றம் ஜூனில் தலையிட்டும், அந்த ஆண்டுச் சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. ஜூனில் திறக்கும் பள்ளிக்கு அக்டோபரில் இடம் தருவது பிள்ளைகளுக்குச் செய்த அநியாயம்.

ஆனால் என் மனசு நிற்பது வேறு இடத்தில். கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர் குடியிருப்புகளில் வேலை தேடி இடம் மாறும் குடும்பங்கள் உண்டு. பிறப்புச் சான்று இல்லை, சாதிச் சான்று இல்லை, பழைய பள்ளியின் டி.சி. எங்கேயோ கிடக்கிறது. அப்படி ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். ஒரு பள்ளியில், "காகிதமெல்லாம் எடுத்துக்கிட்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். திட்டவில்லை, விரட்டவில்லை. அவள் வீட்டில் உட்கார்ந்தாள், பிள்ளையும் உட்கார்ந்தது. 14-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். சேர்த்துக்கொண்டார்கள். கெட்ட எண்ணத்தில் அனுப்பியதாக நான் நினைக்கவில்லை. ஆனால் சட்டம் வந்த பிறகும் அந்தத் தாய்க்கு அது தெரியவில்லை. என் தாத்தாவைப் போலவே, அவள் கையிலும் மறுப்பு என்று ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

உங்கள் பிள்ளைக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ இடமில்லை என்றால் சும்மா திரும்பாதீர்கள். காரணத்தை எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், இன்ன தேதியில் இன்ன காரணம் சொல்லி மறுத்தார்கள் என்று நீங்களே எழுதி வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுங்கள். அங்கே நடக்கவில்லையென்றால் திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எந்த மனுவையும் கொடுக்காதீர்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு, தெரிந்த நீங்கள் எழுதிக் கொடுங்கள்.