சந்தா கட்டித் தீயணைப்பவர்கள்

1863 டிசம்பர் 8. சிலி நாட்டுத் தலைநகர் சாண்டியாகோவில் மாதா திருநாள். லா கொம்பானியா தேவாலயத்தில் விளக்குகளிலிருந்து பற்றிய நெருப்பு, அலங்காரத் துணிகளைத் தாவிக் கூரைக்கு ஏறியது. வாசலை நோக்கி முண்டியடித்த பெண்கள், வளையம் வைத்த அகன்ற பாவாடைகள் சிக்கி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஏறத்தாழ 2,000 பேர் மாண்டார்கள்.

மூன்றே நாளில் ஹோசே லூயிஸ் கிளாரோ என்பவர் பத்திரிகையில் அழைப்பு விடுத்தார்: தீயணைப்புப் படைக்கு இளைஞர்கள் வேண்டும். டிசம்பர் 20 அன்று படை பிறந்தது. துறைமுக நகரான வால்பரைசோ 1851லேயே இதற்கு வழிகாட்டியிருந்தது.

படையை நடத்திய விதம்தான் சுவாரசியம். அதைப் பல ‘கம்பெனி’களாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் தன் கேப்டனை ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தது. குடியேறிய பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், இத்தாலியர் தங்களுக்கென்று தனிக் கம்பெனிகளே வைத்துக்கொண்டார்கள். யார் முதலில் தீயிடம் சேர்வது என்பதில் மானப் பிரச்சினை வேறு!

சம்பளம் கிடையாது. அதோடு, உறுப்பினர்தான் மாதச் சந்தா கட்ட வேண்டும். உயிரைப் பணயம் வைப்பவரிடமே வசூலிப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் வழக்கம் நிலைத்துவிட்டது. வண்டி, கருவிகளுக்கு அரசு பணம் தந்தாலும், சிலியின் தீயணைப்பு வீரர்கள் இன்றும் தன்னார்வலர்களே.